உடையும் கடனும்

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் சேர்வராயன் மலைமேல் உள்ள வாழவந்தியிலும் சரி, மலைக்குக் கீழே சேலம் கடைவீதியிலும் சரி, குடும்பங்களில் நடக்கும் பேச்சு ஒன்றுதான். யாருக்கு என்ன துணி எடுப்பது? அதற்குப் பணம் எங்கே? புதுத் துணி உடுத்த வேண்டும் என்ற ஆசையை நாம் குறை கூறமாட்டோம். வருஷம் முழுவதும் உழைப்பவனுக்கு ஒரு நாளாவது புதியது உடுத்திச் சந்தோஷமாயிருக்கப் பாத்தியதை உண்டு. ஆனால் அந்த ஒரு நாளுக்காக வரப்போகும் மாதங்களின் உழைப்பை அவன் முன்கூட்டியே ஈடு வைக்கிறான் என்றால், அது வெறும் துணி விஷயமாக இராமல் சுதந்திர விஷயமாகி விடுகிறது. ஆகவேதான் அரசியல் பேசும் இந்தப் பக்கத்தில் உடையைப் பற்றிப் பேசுவது அவசியமெனக் கருதுகிறோம்.

வாழவந்தி, ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஒன்பது ஊராட்சிகளில் ஒன்று. காப்பியும் மிளகும் விளையும் மலைநாடு. மலையாளி என்று வழங்கும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பூமி. சமவெளியில் வாழ்கிறவனுக்கு ஒரு வேட்டியும் ஒரு சட்டையும் போதும். மலைமேல் இருக்கிறவனுக்கோ தோட்ட வேலைக்கு ஓர் உடை, மார்கழிக் குளிருக்கு ஓர் உடை, இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி ஆஸ்பத்திரிக்கோ கச்சேரிக்கோ போவதற்கு ஓர் உடை என்று மூன்று வகை வேண்டியிருக்கிறது. இதில் மற்றொரு சங்கடமும் உண்டு. காப்பிப் பழம் பறிக்கும் மும்முரமான காலம் பெரும்பாலும் தீபாவளிக்குப் பிறகே வருகிறது. செலவு முன்னால் வந்து நிற்கிறது. கூலி பின்னால் வருகிறது. இந்த இடைவெளியில்தான் முன்பணமும், தவணையும், வட்டியும் வீட்டுக்குள் நுழைகின்றன.

"அப்படியானால் ஏழைகள் சிக்கனமாக இருக்கக் கூடாதா?" என்று சில நண்பர்கள் உடனே கேட்பார்கள். இப்படிக் கேட்பதற்கு முன் அவர்கள் நமது சரித்திரத்தைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் அடியும் அவமானமும் பட்டார்கள். 1859ஆம் வருஷத்தில்தான் ராஜாங்கம் அவ்வுரிமையை ஓரளவேனும் ஒப்புக்கொண்டது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிட மக்கள் மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. ஆண்கள் சட்டையோ பனியனோ போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, பெண்கள் ரவிக்கையோ தாவணியோ அணியக் கூடாது என்பவை அவற்றில் அடங்கும். கௌரவமாக உடுத்துவது இந்நாட்டில் பலருக்குப் போராடிப் பெற்ற உரிமை. அப்படிப்பட்டவர்களிடம் போய், "உனக்கு எதற்கு நல்ல துணி?" என்று கேட்பது சிக்கன உபதேசம் ஆகாது, பழைய தடைக்கு இனிப்புப் பூசிக் கொடுப்பதேயாகும்.

உடையைக் கண்டு ஆளை மதிக்கும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. 2014ஆம் வருஷம் சென்னையில் ஒரு கிளப்பில், வேட்டி உடுத்தி வந்த ஹைக்கோர்ட்டு நீதிபதி ஒருவருக்கே அனுமதி மறுக்கப்பட்டது. அதன்மேல் அதே வருஷம் நமது சட்டசபை தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. நீதிபதிக்கே இந்தக் கதி என்றால், மனுவைக் கையில் வைத்துக்கொண்டு கச்சேரி வாசலில் நிற்கும் தோட்டத் தொழிலாளியின் கதி என்ன? அவன் நல்ல சட்டை ஒன்றுக்கு ஆசைப்படுவது ஆடம்பரம் அன்று, தற்காப்பு.

ஆகவே உடை விஷயத்தில் திருத்தம் வேண்டுமானால் அது எங்கே தொடங்க வேண்டும் என்பது தெளிவு. அது மேலே உள்ளவர்களிடம், முக்கியமாகப் பொதுவாழ்வில் இருக்கும் நம்மிடம் தொடங்க வேண்டும். இதற்கு வழிகாட்டிய சம்பவம் நமது மதுரையிலேயே நடந்தது. 1921 செப்டம்பரில் மகாத்மா காந்தி மதுரைக்குச் செல்லும் ரயிலில் அந்நியத் துணி அணிந்த பிரயாணிகளிடம் கதரைப் பற்றிப் பேசினார். கதர் விலை அதிகம், வாங்க எங்களுக்குச் சக்தியில்லை என்று அவர்கள் பதில் சொன்னார்கள். அப்போது அவர் தொப்பியும் சட்டையும் முழு வேட்டியும் அணிந்திருந்தார். அந்தப் பதிலில் உள்ள நியாயத்தை அவர் மறுக்கவில்லை. 22ஆம் தேதி காலை மேலமாசி வீதி வீட்டிலிருந்து நாலு முழ அரைத் துணியுடன் வெளியே வந்தார். ஏழையின் உடையைக் குறைக்கச் சொல்லாமல் தம் உடையைக் குறைத்துக்கொண்டார். எல்லோரும் அரைத் துணி கட்ட வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. உபதேசம் எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதற்காக இதை நினைவூட்டுகிறோம்.

இன்றைய நமது தொண்டர்களின் நிலைமை என்ன? மாநாட்டுக்கு ஒரு ஜோடி, தலைவர் வருகைக்கு ஒரு ஜோடி, கல்யாண வீட்டுக்கு ஒரு ஜோடி என்று வெள்ளை வேட்டி சட்டைகள் பெட்டியில் அடுக்கப்படுகின்றன. கரை மாறினால் வேட்டியும் மாற வேண்டும். கூட்டத்துக்குக் கூட்டம் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொள்வது வேறு. குளிரைத் தாங்காத, வியர்வையை வாங்காத அந்தப் பளபளப்புத் துணி மேடையிலிருந்து நேரே அலமாரிக்குப் போகிறது; அடுத்த கூட்டத்தில் வேறொருவர் தோளில் ஏறினாலும் ஆச்சரியமில்லை. வாழவந்தியில் நடக்கும் ஒரு கூட்டத்தில், நடுங்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவனார் பார்க்க, மேடையில் பத்துப் பொன்னாடைகள் கைமாறுவதைவிடப் பரிகாசமான காட்சி வேறு இருக்க முடியுமா? அந்தப் பணத்துக்கு நல்ல கம்பளி இரண்டு வாங்கி உரியவர்களுக்குக் கொடுத்தால் மேடைக்கும் அழகு, ஊருக்கும் உபகாரம்.

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். ஆனால் அந்த ஆடைப் பாதியைக் கடையில் முழுவதும் வாங்கிவிட முடியாது. உடுத்துகிறவனுடைய கவனமும் ரசனையும் அதில் சேர வேண்டும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று பெரியோர் சொன்னதன் கருத்து, கந்தையே போதும் என்பதன்று. துணியின் விலைக்கும் மனிதனின் மதிப்புக்கும் சம்பந்தமில்லை என்பதே. உடம்புக்குச் சரியாகத் தைத்த பழைய சட்டை, தோளில் தொங்கும் புதுச் சட்டையைவிட எடுப்பாயிருக்கும். அளவாகக் கஞ்சியும் நீலமும் போட்டு, நிழலில் உலர்த்தி, பெட்டி போட்ட மூன்று வருஷத்து வேட்டிக்கு முன்னால் கசங்கிய புது வேட்டி நிற்காது. ஒன்றோடொன்று பொருந்தும் நிறங்களில் நான்கு சட்டையும் மூன்று வேட்டியும் வைத்திருப்பவன், கண்டபடி வாங்கிய இருபது துணிக்குச் சொந்தக்காரனைவிட விதவிதமாக உடுத்த முடியும்.

கணக்கும் இதையே சொல்கிறது. முந்நூறு ரூபாய்ச் சட்டை முப்பது முறை உடுத்துவதற்குள் வெளுத்துக் கிழிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவை உடுத்த பத்து ரூபாய் ஆகிறது. தொள்ளாயிரம் ரூபாய்ச் சட்டை நூற்றெண்பது முறை உழைத்தால் ஒரு தடவைக்கு ஐந்து ரூபாய்தான். மலிவானது எது? ஆனால் தொள்ளாயிரத்தை ஒரே சமயத்தில் எண்ணிக் கொடுக்க முடியாதவன் முந்நூறு ரூபாய்ச் சட்டைக்கே போகிறான். அவன் அறிவில் குறையொன்றுமில்லை. கையில் முதல் இல்லாமையே குறை. அந்த முதலை ஊரார் கூடித்தான் உண்டாக்க வேண்டும். அது எப்படியென்பதைப் பின்னர் கூறுவோம்.

பழையதைப் புதிதாக்கும் வித்தை நம் வீடுகளுக்கு அந்நியமானதன்று. எட்டு முழ வேட்டியின் ஓரம் நைந்தால் நடுவில் வெட்டி நாலு முழம் இரண்டாக்கினார்கள். அதுவும் நைந்தால் துண்டாயிற்று. பிறகு கைத்துணியாகி, கடைசியில் விளக்குத் திரியாகி எரிந்தது. பிறந்த குழந்தைக்கு முதலில் பாட்டியின் பழம் புடவையையே விரித்தார்கள். மிருதுவில் புதுத் துணி அதற்கு ஈடாகாது. சட்டைக் காலரின் மடிப்பு நைந்தால் தையலைப் பிரித்து, திருப்பி வைத்துத் தைத்தால் சட்டைக்கு மறு ஜன்மம் கிடைக்கும். முழங்கையில் கிழிந்த முழுக்கைச் சட்டை அரைக்கைச் சட்டையாகும். பட்டுப் புடவையின் உடல் இற்றுப் போனாலும் கரை கெட்டியாயிருந்தால், அதை எடுத்து வேறு துணியில் வைத்துப் பெண் குழந்தைக்குப் பாவாடை தைக்கலாம். பழைய கம்பளிச் சட்டையைப் பிரித்து நூலாக்கி மறுபடி பின்னலாம். காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களைப் பாருங்கள். புடவைமேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்கிறார்கள். கிளை கீறாமலும், பூச்சி கடிக்காமலும், குளிர் உறைக்காமலும் அது காக்கிறது. ஒரு துணியை அதன் கடைசி இழைவரை உபயோகிக்கும் சாமர்த்தியத்தை அவர்களிடம் நாம் கற்க வேண்டும்.

பிற நாட்டாரும் இதை இழிவாகக் கருதவில்லை. வங்காளத்துப் பெண்கள் பழஞ் சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்த காந்தா விரிப்பு இன்று உலகமெங்கும் கலைப்பொருளாகப் போற்றப்படுகிறது. யுத்த காலத்தில் பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை துணிக்குப் பங்கீடு இருந்தது. உள்ளதைத் திருத்தி உடுத்துங்கள் என்று சர்க்காரே 1943இல் புத்தகம் போட்டுப் பிரசாரம் செய்தது. பிரான்ஸ் தேசத்தில் 2023 முதல், துணியைப் பழுது பார்த்து உடுத்துவோருக்குத் தையற் கூலியில் ஒரு பகுதியைக் குறைத்துக் கொடுக்கும் திட்டம் வந்தது. செல்வ நாடு கிழிசலைத் தைக்கப் பணம் கொடுக்கிறது. நாமோ தைத்த சட்டையைப் போட வெட்கப்படுகிறோம்!

வேறொரு விஷயத்தையும் நண்பர்கள் யோசிக்க வேண்டும். மலிவான துணியின் முழு விலையையும் நாம் கடையில் கொடுப்பதில்லை. திருப்பூர்ச் சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, கீழ்ப்பாசன உழவர்கள் நிலமிழந்து வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை ஹைக்கோர்ட்டு சாயப்பட்டறைகளையே மூட உத்தரவிட வேண்டி வந்தது. அப்போது உழவனும் நஷ்டப்பட்டான். பட்டறைத் தொழிலாளியும் வேலையிழந்து நின்றான். நாம் தேவையின்றி வாங்கி எறியும் ஒவ்வொரு துணியிலும் அந்த ஆற்று நீரில் ஒரு பங்கு இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். எல்லோரும் பழையதையே தைத்து உடுத்தினால் சேலத்து நெசவாளி எப்படிப் பிழைப்பான்? வெண்பட்டு வேட்டிக்குப் பெயர் பெற்ற ஜில்லாவில் இக்கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. நாம் கூறும் பதில் இது. வாங்காதே என்பது நமது கட்சியன்று. மூன்று வாங்குவதற்குப் பதில் ஒன்று வாங்கு, அந்த ஒன்றைத் தறியிலிருந்து வாங்கு என்பதே. நெசவாளியைக் கெடுப்பது கிழிசலைத் தைக்கிறவன் அல்லன். கைத்தறியின் சாயலில் வரும் மலிவு நகலை வாங்குகிறவனே. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் சங்கம் தீபாவளிக் காலங்களில் தள்ளுபடி அளித்து வந்திருப்பது நெசவாளிக்கும் வாங்குவோனுக்கும் ஒருங்கே உதவத்தான். பொன்னாடைக்கும் மாநாட்டு வேட்டிக்கும் நாம் செலவிடும் பணம் அந்தக் கடைகளுக்குப் போகட்டும். பழுது பார்க்கும் கூலி உள்ளூர்த் தையற்காரருக்குப் போகட்டும்.

கடைசியாக, செய்ய வேண்டியவை. வாழவந்தி போன்ற மலையூர்களில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள், வாரம் ஒரு நாள் பொது இடத்தில் தையல் இயந்திரம் போட்டு, குறைந்த கூலிக்குக் காலர் திருப்பவும், அளவு பிடிக்கவும், பழையதைச் சிறுவர் உடையாக்கவும் ஏற்பாடு செய்யலாம். இயந்திரத்துக்கு ஊராட்சி இடங் கொடுக்கலாம். தீபாவளிச் சீட்டை ஊர் பெயர் தெரியாதவரிடம் கட்டி ஏமாறுவதை விட்டு, அதே குழுவில் வாரந்தோறும் சிறு தொகை சேர்த்து, காப்பிக் கூலி கைக்கு வரும் தை மாதத்திலேயே அடுத்த தீபாவளிக்குத் தொடங்கிவிடலாம். மேலே நாம் சொன்ன முதல் இப்படித்தான் உண்டாகும். ரொக்கம் கையில் இருந்தால் நல்ல துணியைத் தேர்ந்தெடுக்கலாம். கடனாளிக்குக் கடைக்காரர் கொடுத்ததே துணி.

தொண்டர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. பொன்னாடையை இனி வாங்குவதுமில்லை, கொடுப்பதுமில்லை என்று ஒவ்வொரு கிளையும் தீர்மானம் செய்யட்டும். ஒவ்வொருவரும் ஊசியில் நூல் கோக்கவும், பொத்தான் தைக்கவும், கிழிசலை இழையோட்டவும் கற்றுக்கொள்ளட்டும். இவ்வேலையை வீட்டுப் பெண்கள் தலையில் கட்டிவிட்டுச் சமத்துவம் பேசுவது அழகன்று. தையல் தெரியும்படி ஒரு சட்டையை அணிந்து மேடையேற நமது தலைவர்களில் ஒருவர் துணிந்தால் போதும். கடன் வாங்கிப் புதுத் துணி எடுக்காததால் கௌரவம் குறைந்துவிடாது என்பது, நூறு பிரசங்கங்கள் செய்தாலும் பதியாத அளவுக்கு ஜனங்கள் மனத்தில் பதியும்.