தயாராகவில்லையாம் நாங்கள்!

பல்கலைக்கழகத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் வாரத்தில் எங்களை ஒரு பெரிய மண்டபத்தில் உட்காரவைத்து, நேரத்தை எப்படி வீணாக்காமல் இருப்பது என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். திசைமுகப்படுத்தல் நிகழ்ச்சி என்று அதற்குப் பெயர். திரையில் ஆங்கிலம் ஓடியது, பேச்சில் சிங்களம் ஓடியது, தமிழ் ஓரிடத்திலும் தலைகாட்டவில்லை. பேசியவர் முடிக்கும்போது சொன்னார்: "நீங்கள் இன்னும் பாடசாலைப் பிள்ளைகளாகவே இருக்கிறீர்கள். பல்கலைக்கழக வாழ்க்கைக்குத் தயாராகவில்லை." பக்கத்தில் இருந்த பிள்ளை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்.

எனக்கு அடிவயிறு எரிந்தது. நேரத்தைப் பற்றி எங்களுக்குச் சொல்லித்தர உங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நான் 2003இல் பிறந்தவள். ஒழுங்காக நடந்திருந்தால் 2022 ஆகஸ்டில் உயர்தரப் பரீட்சை எழுதியிருக்க வேண்டும். எழுதத் தொடங்கியது 2023 ஜனவரி 23. முடித்தது பெப்ரவரி 17. பெறுபேறு வந்தது செப்டெம்பர் 4. வரி உயர்வை எதிர்த்து விரிவுரையாளர்கள் விடைத்தாள் திருத்த வரவில்லை. அவர்கள் கோரிக்கையில் நியாயம் இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விடைத்தாள்களுக்குள் கிடந்தது எங்கள் வயசு. பெறுபேறு வந்த பிறகு கைநூல், விண்ணப்பம், இசட் வெட்டுப்புள்ளி, இரண்டாம் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் வாசல் பார்த்திருந்தோம். ஒருவழியாக 2024இல் கூப்பிட்டார்கள். போய்ப் பதிந்துவிட்டுத் திரும்பினால், மே 2ஆம் திகதி கல்விசாரா ஊழியர்களின் பணிப்பகிஷ்கரிப்பு தொடங்கியது. ஜூலை வரைக்கும் நாட்டிலுள்ள எல்லா அரச பல்கலைக்கழகங்களும் முடங்கிக் கிடந்தன.

1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறிப்போன எங்கள் தாத்தாவின் தம்பி குடும்பம் கூடலூரில் இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளையும் நானும் ஒரே வயசு. நான் முதல் விரிவுரைக்குப் போனபோது அவள் பட்டப்படிப்பை முடித்திருந்தாள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். வாழ்த்துச் சொன்னேன். வேறென்ன சொல்ல?

இப்போது சொல்லுங்கள், நேரத்தை வீணாக்கியது யார்?

நான் எப்படித் தயாரானேன் என்று கேட்டீர்களா? கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், பத்தடிக்குப் பத்தடிக் காம்பராவில் ஐந்து பேர் நாங்கள். அம்மா கொழுந்து பறிக்கிறார், அப்பா கவ்வாத்து வெட்டுகிறார். 2021இல் நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபாய் ஆக்கினார்கள். கேட்க நல்லாத்தான் இருந்தது. சொன்ன கிலோ பறித்தால்தான் அந்த ஆயிரம். கொழுந்து இல்லாத மாதத்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். 2022இல் கோதுமை மா விலை ஏறி எங்கள் ரொட்டி பாதியாகச் சுருங்கியது. அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. பரீட்சைக் காலத்திலாவது மின்சாரத்தை வெட்டாதீர்கள் என்று மனித உரிமைகள் ஆணைக்குழு வரைக்கும் முறையிட்டுப் பார்த்தார்கள். வெட்டத்தான் செய்தார்கள். மறுநாள் இரசாயனவியல் என்றால் முதல்நாள் இரவு குப்பி விளக்கடியில் உட்கார்ந்து, எண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று ஒரு கண், புத்தகத்தில் ஒரு கண். இப்படிப் படித்துத்தான் வந்தேன்.

"கோட்டாவில் வந்தவள்" என்று என் காதுபடவே சொன்னார்கள். கலைப்பிரிவு போகப் பெரும்பாலான பாடநெறிகளுக்கு நாற்பது வீதம் தீவளாவிய திறமை, ஐம்பத்தைந்து வீதம் மாவட்டம், ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டம் என்பது இந்த நாட்டின் முறை. அப்படிச் சொன்னவர்கள், எங்கள் மாவட்டம் ஏன் பின்தங்கியது, எவரால் பின்தங்கியது என்று ஒருநாளாவது யோசித்திருப்பார்களா? உயர்தர விஞ்ஞானம் படிக்க நான் விடியமுன் எழுந்து, இரண்டு பஸ் மாறி டவுன் பாடசாலைக்குப் போனேன். எங்கள் தோட்டத்துப் பாடசாலையில் அந்தப் பிரிவே கிடையாது.

சரி, பழங்கதை போகட்டும். பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் திறக்கும் வரை ஒன்றரை வருடம் கிடந்ததே, அதைப் பற்றித்தான் என் வயிற்றெரிச்சல் முழுவதும்.

அந்தக் காலத்தில் எங்களுக்கென்று ஒரு நாதியும் இல்லை. நாங்கள் பாடசாலைப் பிள்ளைகளும் இல்லை, பல்கலைக்கழகப் பிள்ளைகளும் இல்லை. பெறுபேறு வந்த வாரம் அப்பா ஹட்டனுக்குப் போய்ச் சில்லு வைத்த பெட்டி ஒன்று வாங்கி வந்தார், கடனுக்கு. "அடுத்த மாசம் கூப்பிடுவான்" என்றார். பெட்டி அலுமாரி மேலே ஏறியது. மூன்றாம் லயத்து அக்கா குவைத்துக்குப் போகும்போது இரவல் கேட்டு எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பெட்டிக்குக் கூட என்னை முந்திப் பயணம் கிடைத்தது.

தண்ணீர்ப் பீலிக்குப் போனால் ஒரே கேள்வி: "இன்னும் கூப்பிடலையா பிள்ளை?" முதலில் அக்கறையாகக் கேட்டார்கள். பிறகு சந்தேகமாகக் கேட்டார்கள். கடைசியில், "பாஸ் பண்ணினேன்னு சொன்னது நெசந்தானா?" என்று அம்மாவிடமே கேட்டுவிட்டார்கள். அன்று அம்மா மலையிலிருந்து வந்து சாப்பிடவில்லை. ஒரு மாமா மாப்பிள்ளை கொண்டுவந்தார். "கம்பஸ், கம்பஸ் என்று எத்தனை நாளைக்கு வைத்திருப்பீர்கள்?" என்றார். அப்பாவிடம் பதில் இல்லை. எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளை சும்மா இருக்கிறாள் என்றால் அவளுக்கு இரண்டே வழி. ஒன்று கல்யாணம், இல்லாவிட்டால் கொழும்பில் வேலை. நான் டவுனில் ஒரு ரீலோட் கடையில் நின்றேன். போட்டோக் கொப்பி அடித்தேன். மற்றவர்களின் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன்.

என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள் கட்டுநாயக்காவுக்குப் போனாள், உடுப்புத் தைக்கும் தொழிற்சாலைக்கு. என்னைவிடக் கெட்டிக்காரி. தாவரவியல் படம் வரைந்தால் ஆசிரியர் அவள் கொப்பியைத்தான் தூக்கிக் காட்டுவார். அவளுக்கும் இடம் வந்தது. ஆனால் அதற்குள் அவள் சம்பளத்தை நம்பித் தம்பி படிப்பு, வீட்டுக்கடன், அப்பாவின் மருந்து என்று எல்லாம் ஏறி உட்கார்ந்துவிட்டன. அவள் பதியவில்லை. தொலைபேசியில், "நீ போடி, எனக்கும் சேர்த்துப் படி" என்றாள். அவளுடைய இடம் அடுத்த பெயருக்குப் போயிருக்கும். கணக்கில் ஒரு வெற்றிடமும் தெரிந்திருக்காது. அவள் இன்றைக்கும் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த ஒன்றரை வருடத்தில் வாரத்துக்கு இரண்டு நாள், பக்கத்துப் பாடசாலையில் ஓர் ஆங்கில வகுப்பு வைத்திருந்தால் உங்கள் திறைசேரி காலியாகியிருக்குமா? பூட்டிக் கிடந்த கணினி அறையைச் சனிக்கிழமை திறந்துவிட்டிருந்தால்? காசுள்ள வீட்டுப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் கொழும்பில் ஆங்கிலம் படித்தார்கள், கணக்கியல் பரீட்சை எழுதினார்கள், கார் ஓட்டப் பழகினார்கள். அவர்கள் தயாராகத்தான் வந்தார்கள். இலவசக் கல்வி என்று மார்தட்டுகிறோமே, அந்த இடைவெளியில் மட்டும் கல்வி விலைக்கு விற்கப்பட்டது.

பிறகு உள்ளே வந்தோம். பதின்மூன்று வருடம் தமிழில் படித்தவளுக்கு மறுநாளே எல்லாம் ஆங்கிலம். சில வாரங்கள் ஆங்கில வகுப்பு நடந்தது, இல்லையென்று சொல்லவில்லை. பதின்மூன்று வருடத்தில் கொடுக்காததைச் சில வாரத்தில் குடத்தோடு கவிழ்த்து ஊற்றினால் எங்கே தங்கும்? இழைமணி, பச்சையவுருமணி என்று நான் தலைகீழாகச் சொல்லும் பாடம்தான். விரிவுரையில் அதையே கேட்டு அடையாளம் தெரியாமல் விழித்தேன். தெரிந்த பாடத்தில் ஊமையாக இருப்பது போன்ற அவமானம் வேறில்லை. கேள்வி கேட்டால் சிரிப்பார்கள் என்று கைதூக்கவில்லை. கைதூக்காதவர்களை ஆர்வமில்லாதவர்கள் என்று எழுதிக்கொண்டார்கள்.

எங்களைத் தயார்படுத்த ஒரே ஒரு கூட்டம் மட்டும் தயாராக இருந்தது. சிரேஷ்ட மாணவர்கள். பதிவு முடிந்த கையோடு எங்கள் தொலைபேசி எண்கள் அவர்களுக்கு எப்படிப் போயின என்று இன்றுவரை ஒருவரும் விளக்கவில்லை. நள்ளிரவில் அழைப்பு வரும். இரட்டைப் பின்னல், கணுக்கால் வரை பாவாடை, ரப்பர் செருப்பு, இந்தப் பாதையில் நடக்கக் கூடாது, அந்தச் சிற்றுண்டிச்சாலைக்குள் நுழையக் கூடாது. இணங்காதவர்களுக்கு "அலயா" என்று முத்திரை. முத்திரை விழுந்தவர்களைக் குப்பி வகுப்புக்குள் சேர்ப்பதில்லை. குப்பி என்றால் மூத்தவர்கள் பரீட்சைக்கு முன் பாடம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. விரிவுரை விளங்காத பிள்ளைக்கு அதுதான் கதி. பழைய வினாத்தாள், குறிப்பு, எந்த விரிவுரையாளர் எதைக் கேட்பார் என்ற சூட்சுமம் எல்லாம் அங்கேதான் கிடைக்கும். தாங்கினால் படிப்பு, தாங்காவிட்டால் நடுத்தெரு. நிர்வாகம் கைவிட்ட இடத்தில் பகிடிவதை வந்து கடை விரித்தது என்பதுதான் உண்மை. எனக்கு அதிலும் ஒரு கொடுமை: அவமானத்தைத் தாங்கி உள்ளே போனாலும் குப்பி சிங்களத்தில்தான் நடந்தது.

சட்டம் இல்லையா என்றால், பேஷாக இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை, பாரதூரமான காயம் விளைத்தால் பத்து வருடம் வரை சிறை. பேராதனையில் பொறியியல் படிக்கப்போன தமிழ்ப் பிள்ளை வரப்பிரகாஷ் 1997இல் பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போன பிறகு வந்த சட்டம் அது. அதற்கு முன்னால் 1975இல், அதே பேராதனையில், இராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து குதித்து முடமாகிப்போனாள் ஒரு பெண். அப்போது சட்டம் வரவில்லை. ஒரு சாவு தேவைப்பட்டது. சட்டம் வந்த பிறகும் சாவுகள் நிற்கவில்லை. முறைப்பாடு செய்யுங்கள் என்று மண்டபத்துச் சுவரில் ஓர் எண் ஒட்டியிருந்தார்கள். நான் ஒருநாள் அழைத்தேன். எடுத்தவருக்குத் தமிழ் தெரியாது. நான் சொன்ன அரைகுறைச் சிங்களம் அவருக்குப் புரியவில்லை. "நாளை வாருங்கள்" என்றார். யாரிடம், எங்கே என்று சொல்லவில்லை.

பணத்தைப் பற்றிச் சொன்னால் புலம்பல் என்பார்கள், ஆனாலும் சொல்கிறேன். மகாபொல மாதம் 5,000 ரூபாயாக இருந்தது. 2025 ஏப்ரல் முதல் 7,500 ஆக்கினார்கள். விடுதி கிடைக்காத காலத்தில் அறை வாடகைக்கே அது காணாது. சாப்பாட்டுக்கும் போட்டோக் கொப்பிக்கும் அம்மாவின் பேரிலிருந்துதான் வந்தது. அம்மாவின் தோடு இப்போதும் அடகில் இருக்கிறது.

என்னைப் பார்த்து "முன்னேறி வந்த மலையகப் பெண்" என்று யாராவது கைதட்டினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. தட்ட வேண்டாம். தப்பி வந்தவளுக்குக் கைதட்டிவிட்டுத் தொலைந்துபோனவளை மறப்பது உங்களுக்கு வசதியாக இருக்கிறது. நாங்கள் தயாராகவில்லை என்று சொல்லும் வாயால் இதற்கும் பதில் சொல்லுங்கள்: பரீட்சை முடிகிற அன்றைக்கே, பல்கலைக்கழகம் இந்தத் திகதியில் தொடங்கும் என்று ஒரு திகதி சொல்ல உங்களால் ஏன் முடியவில்லை? மூன்று மொழி பேசும் நாட்டில் முறைப்பாடு எடுக்க ஒரு தமிழ் தெரிந்த ஆளை ஏன் வைக்க முடியவில்லை? குப்பி வகுப்பில் நடக்கும் வேலையைச் சம்பளம் வாங்கும் நீங்கள் ஏன் செய்யவில்லை?

என் தங்கை 2025 நவம்பரில் உயர்தரம் எழுத உட்கார்ந்தாள். பாதியில் டித்வா புயல் வந்தது. எங்கள் மலைகள் சரிந்தன, பாதைகள் அறுந்தன, மீதித் தாள்கள் 2026 ஜனவரிக்குத் தள்ளிப்போயின. புயலுக்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு வரும் தாமதம் ஒவ்வொன்றும் உங்களுடையது. அவள் இப்போது வீட்டில் சும்மா இருக்கிறாள், அவளைப் போல ஆயிரக்கணக்கான பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த மாதமே ஆங்கில வகுப்பைத் தொடங்குங்கள். தோட்டத்துப் பாடசாலையின் சாவி அதிபரிடம் இருக்கிறது, பின்னேரங்களில் வகுப்பறை காலியாகத்தான் கிடக்கிறது.