உள்ளிருப்பதை வெளியென்று காட்டும் கணிப்பொறி

"காக்கா, வாப்பாவின் குரல் போய்விட்டது!"

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு என் தங்கை தொலைபேசியில் இவ்வாறு கூறி அழுதபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் வாப்பா அவர்கள் சவூதியில் வேலை பார்த்த காலத்தில், கடிதம் எழுதுவதற்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, ஊருக்கு வருவோர் கையில் கொடுத்தனுப்புவது வழக்கம். அந்தக் கேசட்டுகளைத் தங்கை தன் அலமாரியில் போற்றி வைத்திருந்தாள். நாடாக்கள் நைந்துவருவதைக் கண்ட அவள் மகன், அவற்றை ஒவ்வொன்றாக ஓடவிட்டுத் தன் கணிப்பொறியில் பதிவு செய்தான். ஓடும்போதே சில நாடாக்கள் அறுந்தன. ஆகவே, வாப்பாவின் பேச்சில் ஒரு பகுதி அந்தக் கணிப்பொறியில் மட்டுமே எஞ்சியிருந்தது.

அது கடையில் முழுதாக வாங்கிய பெட்டியன்று. மதர்போர்டு, பிராசசர், ஹார்ட் டிஸ்க் என்று உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி அவனே கோர்த்தது. விண்டோஸ் ஒரு டிஸ்க்கிலும், வாப்பாவின் பதிவுகள் மற்றொரு டிஸ்க்கிலும் இருந்தன. அன்று மாலை பென் டிரைவைக் கழற்றுவதற்காக, திரையின் கீழ்மூலையில் கடிகாரத்தின் அருகே உள்ள சிறு படத்தை அழுத்தினான். அங்கே இரண்டு பெயர்கள் தெரிந்தன. ஒன்று பென் டிரைவ். மற்றொன்று எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பெயர். அவசரத்தில் இரண்டாவதைத் தட்டிவிட்டான். அடுத்த நொடியே பதிவுகள் இருந்த 'டி' டிரைவ் காணாமற்போயிற்று.

பெட்டிக்குள் திருகாணியிட்டுப் பூட்டிய ஹார்ட் டிஸ்க்கை, கணிப்பொறி 'கழற்றத்தக்க வெளிப்பொருள்' என்று பட்டியலிட்டிருக்கிறது! அவன் பழக்கமான கடையொன்றைத் தொலைபேசியில் அழைத்தான். "டிஸ்க் செத்துப் போயிருக்கும், கொண்டு வாருங்கள், தகவலை மீட்க ஆயிரக்கணக்கில் ஆகும்" என்று பதில் வந்ததாம். பெட்டியைப் பாராமலே மரணச் சான்று வழங்கிவிட்டார்கள்!

நான் மருமகனிடம் கேட்டேன்: "அதன் பிறகு கணிப்பொறியை அணைத்து மீண்டும் இயக்கினாயா?"

"இல்லை மாமா. உம்மா எதையும் தொடக் கூடாதென்று சொல்லிவிட்டார்கள்."

"ரீஸ்டார்ட் கொடு."

இரண்டு நிமிடம் தொலைபேசியில் பேச்சில்லை. பிறகு, நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு குரல் என் காதில் விழுந்தது. தங்கையின் பெயர் சொல்லி, "பள்ளிக்கூடம் போகிறாளா?" என்று வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாசக அன்பர்களே, இன்று நம் பிள்ளைகள் பலர் கணிப்பொறியைத் தாங்களே கோர்க்கிறார்கள். இதே குழப்பம் உங்கள் இல்லத்திலும் நேரலாம் என்பதால் இதனைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இது டிஸ்க்கின் நோயன்று. முற்காலக் கணிப்பொறிகளில் ஹார்ட் டிஸ்க்கை அகன்ற பட்டை வயர் ஒன்று மதர்போர்டுடன் இணைத்தது. மின்சாரம் ஓடும்போது அதைக் கழற்ற இயலாது. 2003இல் 'சாட்டா' என்னும் மெல்லிய வயர் முறை வந்தது. இயங்கிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கைக் கழற்றவும் மாட்டவும் இம்முறையில் வழியுண்டு; இதற்கு 'ஹாட் பிளக்' என்று பெயர். ஓய்வின்றி இயங்கும் சர்வர்களுக்கு இது பெரும் வசதி.

மதர்போர்டில் டிஸ்க் வயர் செருகப்படும் இடத்தைப் போர்ட் என்கிறோம். ஒரு போர்ட் 'கழற்றத்தக்கது' என்ற குறிப்பைத் தாங்கியிருந்தால், விண்டோஸ் அந்தக் குறிப்பை அப்படியே நம்புகிறது. டிஸ்க் பெட்டிக்குள் இருக்கிறதா, மேசைமேல் இருக்கிறதா என்று அதற்குக் கண்ணால் பார்க்க இயலாதல்லவா? ஆகவே, தவறு டிஸ்க்கில் இல்லை; வாசலில் மாட்டிய பெயர்ப்பலகையில்தான் இருக்கிறது. தனியே விற்கப்படும் மதர்போர்டு பலவகைப் பயன்பாட்டுக்கென்று செய்யப்படுவது. அதில் இக்குறிப்பை நம் தேவைக்கேற்பத் திருத்துவது, கோர்ப்பவரின் பொறுப்பாகிவிடுகிறது.

டிஸ்க் மறைந்தால் முதலில் செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாதிருப்பதே. கழற்றும் கட்டளை, விண்டோஸுக்கும் டிஸ்க்குக்கும் இடையிலுள்ள தொடர்பை மட்டுமே துண்டிக்கிறது. உள்ளிருக்கும் ஓர் எழுத்தைக்கூட அழிப்பதில்லை. ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். வராவிடில், கணிப்பொறியை அணைத்து, மின்சாரத்தையும் நிறுத்தி, சற்றுப் பொறுத்து இயக்குக. 'ஃபார்மட் செய்யவா?' என்று திரை கேட்டால் மட்டும் ஒருபோதும் இசைய வேண்டாம்.

நிலையான திருத்தத்துக்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, பெயர்ப்பலகையையே மாற்றுவது. கணிப்பொறி உயிர்பெறும் தருணத்தில் 'டெலீட்' அல்லது 'எஃப் 2' பொத்தானைத் தட்டினால், பெரும்பாலான மதர்போர்டுகளில் பயாஸ் திரை திறக்கும். அங்கே சாட்டா அமைப்புப் பகுதியில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் நேராக 'ஹாட் பிளக்' என்றிருக்கும். உள் டிஸ்க் செருகப்பட்ட போர்ட்டில் அதை 'டிஸேபிள்' என்றாக்கிச் சேமித்து வெளியேறுக. பலருக்கு இத்துடன் தொல்லை தீர்ந்துவிடும். ஓர் எச்சரிக்கை: அதே பக்கத்தில் 'ஏ.எச்.சி.ஐ.', 'ரெய்டு' என்று ஒரு தேர்வு இருக்கும். அதைத் தொட்டால் விண்டோஸ் திறக்காமலே போகலாம். டிஸ்க்கை 'பிட்லாக்கர்' கொண்டு பூட்டியிருப்போர், அதன் மீட்புச் சாவி எண்ணை முன்னரே தாளில் எழுதி வைத்துக்கொள்வது நலம்.

பயாஸில் அவ்வசதி இல்லையெனில் இரண்டாம் வழி. விண்டோஸின் 'டிவைஸ் மேனேஜர்' பகுதியில் அந்த டிஸ்க்கின் 'பிராப்பர்ட்டீஸ்' பக்கத்தைத் திறந்தால், இருப்பிடம் என்பதற்கு நேராக 'பஸ் நம்பர்' என்று ஓர் எண் இருக்கும். அதைக் குறித்துக்கொள்க. பின்னர் ரிஜிஸ்ட்ரியில் 'லோக்கல் மெஷின்', 'சிஸ்டம்', 'கரன்ட் கன்ட்ரோல் செட்', 'சர்வீசஸ்', 'ஸ்டோர் ஏ.எச்.சி.ஐ.', 'பாராமீட்டர்ஸ்', 'டிவைஸ்' என்று படிப்படியாக இறங்குக. அங்கே 'ட்ரீட் ஆஸ் இன்டர்னல் போர்ட்' என்ற பெயரில், சொற்களுக்கிடையே இடைவெளியின்றி, 'மல்ட்டி ஸ்ட்ரிங்' வகைப் பதிவொன்றை உண்டாக்கி, குறித்து வைத்த எண்ணை அதில் இடுக. டிஸ்க்குகள் பல இருப்பின் வரிக்கு ஓர் எண். பிறகு ரீஸ்டார்ட்.

இம்முறை விண்டோஸ் 8 முதல் வந்த பதிப்புகளில், மைக்ரோசாஃப்ட்டின் சொந்த டிரைவர் இயங்கும் இடத்தில் மட்டுமே பலிக்கும். மதர்போர்டுடன் வந்த வேறு டிரைவர் இயங்கினாலும், மதர்போர்டின் மேலேயே படுத்திருக்கும் 'என்.வி.எம்.இ.' வகை டிஸ்க்காயினும் இது உதவாது. ரிஜிஸ்ட்ரி விளையாட்டுத் திடலன்று. முன்னரே அதற்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, பழகியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்க.

மருமகனுக்கு முதல் வழியே போதுமானதாயிற்று. மறுநாள் அந்தப் பட்டியலில் பென் டிரைவ் மட்டுமே நின்றது.

ஆயினும் நான் அவனை அத்துடன் விடவில்லை. "இந்தப் பதிவுகளுக்கு வேறு நகல் எங்கே?" என்று கேட்டேன். அவன் தலை குனிந்தான். வாப்பாவின் குரலைக் காப்பாற்றியவன், அதை ஒரே ஒரு டிஸ்க்கில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறான். அன்று தப்பியது, டிஸ்க் கெடாத காரணத்தால் மட்டுமே. உண்மையாகவே அது பழுதடைந்திருந்தால் நான் சொன்ன எந்த வித்தையும் உதவியிராது.

கணிப்பொறி 'வெளியே' என்று எழுதிக் காட்டுவதால் ஒரு டிஸ்க் வெளியே வந்துவிடுவதில்லை. ஒரே பெட்டிக்குள் இருப்பவை ஒரே மின்னலில், ஒரே வெள்ளத்தில் போகும். கணிப்பொறியிலிருந்து கழற்றி, வேறொரு வீட்டில் வைப்பதே வெளி நகல்.

இப்போது வாப்பாவின் பேச்சு மூன்று இடங்களில் இருக்கிறது: மருமகனின் கணிப்பொறியில் ஒன்று, தங்கையின் அலமாரியில் அந்தப் பழைய கேசட்டுகளுக்கு அருகே ஒரு சிறு டிஸ்க்கில் ஒன்று, என் வீட்டில் ஒன்று. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் குரலும் படமும் இன்று எத்தனை இடங்களில் இருக்கின்றன? இந்த இதழை மடித்து வைக்குமுன் எண்ணிப் பாருங்கள். விடை 'ஒன்று' எனில், இன்றிரவே அதை இரண்டாக்குங்கள்.