கள்வன் மனைவி மீதான வழக்கு

கண்ணகி வழக்குரைத்த கதையைத் தமிழுலகம் நன்கறியும். அவ்வழக்கின் ஆணிவேராய் நிற்பது ஒரே வினா: என் கணவன் கள்வனா? அல்லன் என்று அவள் மெய்ப்பித்தாள், பாண்டியன் வீழ்ந்தான், மதுரை எரிந்தது. கோவலன் மெய்யாகவே சிலம்பைத் திருடியிருந்தால் கண்ணகி என்ன செய்திருப்பாள்? இளங்கோவடிகள் அவ்வினாவிற்கு இடந்தரவில்லை. தந்திருப்பின் அக்காப்பியமே தோன்றியிராது. ஆயினும் அது கேட்கத் தகாத வினா அன்று.

அவ்வினாவை இன்று நம் மாணவர் வாயிலாகக் கேட்கிறோம். அதனைக் கொண்டுவந்து சேர்த்தது சின்னத்திரை. சோழவரத்திலும் காரனோடையிலும் பேருந்து ஏறி வரும் பிள்ளைகளும், பொன்னேரியில் மின்தொடர்வண்டி பிடிப்போரும் அமெரிக்கக் குற்றத் தொடர்களைக் கைப்பேசியில் விடிய விடியப் பார்க்கின்றனர். (தேர்வுக்குக் கண்விழித்ததாகப் பெற்றோரிடம் சொல்லப்படுவது வேறு செய்தி.) மறுநாள் இடைவேளையில் வழக்கு மன்றம் கூடிவிடுகிறது. வியப்பு என்னவெனில், அம்மன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் கொலை செய்த கணவன் அல்லன், அவன் மனைவி.

2008 முதல் 2013 வரை ஒளிபரப்பான 'பிரேக்கிங் பேட்' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். வால்டர் வொயிட் ஒரு வேதியியல் ஆசிரியர். நுரையீரல் புற்றுநோய் கண்டதும், குடும்பத்திற்குப் பொருள் சேர்த்து வைப்பதாகக் கூறிக்கொண்டு போதைப்பொருள் காய்ச்சத் தொடங்குகிறார். பின்னர்க் கொலைக்கும் அஞ்சாதவராகிறார். மனைவி ஸ்கைலர் நிறைமாதக் கர்ப்பிணியை நெருங்குபவள். 'எங்கே போகிறீர்கள்? ஏன் பொய் சொல்கிறீர்கள்?' என்று கேட்பது மட்டுமே முதலில் அவள் செய்த குற்றம். அதற்கே பார்வையாளர் பலர் அவளை வெறுத்தனர். அவ்வெறுப்பு பாத்திரத்தைக் கடந்து நடிகையையும் சுட்டது. ஸ்கைலராக நடித்த அன்னா கன், 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு கட்டுரையே எழுத நேர்ந்தது. கணவனுக்குப் பணிந்து பின்செல்லாத மனைவியைக் காணும்போது சமூகத்திற்கு எழும் சினமே தம்மேல் கொட்டப்படுகிறது என்பது அதன் சாரம்.

ஸ்கைலர் குற்றமற்றவள் என்று நாம் வாதிட வரவில்லை. கணக்கு எழுதத் தெரிந்த அவள், பின்னாளில் கார் கழுவும் நிலையம் ஒன்றை வாங்கி, கணவனின் கறைபடிந்த பணத்தை வெளுத்துத் தருகிறாள். இறுதிப் பகுதியில், தங்களுக்கு இடையூறாக நிற்கும் ஓர் இளைஞனைத் தீர்த்துவிடலாமே என்று கணவனுக்கே எடுத்துக்கொடுக்கும் அளவுக்கு இறங்குகிறாள். அறநூல் கற்றோர் அஞ்ச வேண்டிய இடம் அதுவே. ஆனால் நாம் கேட்ட விவாதங்களில் அந்த இடத்தைச் சுட்டி அவளைக் குறை சொன்னவர் அரியர். 'நச்சரித்தாள்' என்பதே மீண்டும் மீண்டும் சாற்றப்படும் குற்றம். கேள்வி கேட்டபோது பகைக்கப்பட்டவள், உடந்தையானபோது ஏறக்குறைய மன்னிக்கப்பட்டாள்!

இதற்கு மறுபுறம் கார்மேலா. 1999 முதல் 2007 வரை வந்த 'சோப்ரானோஸ்' தொடரில் நியூ ஜெர்சி குற்றக்கும்பல் தலைவன் டோனியின் மனைவி. சமைப்பாள், பிள்ளைகளைப் பேணுவாள், தேவாலயம் செல்வாள், பாதிரியாரிடம் மனம் திறப்பாள். பணம் எவ்வழியில் வருகிறது என்பதை அறிவாள். அறியாதவள் போல் இருப்பாள். 2001இல் ஒளிபரப்பான ஒரு பகுதி நம் கருத்தை மிகவும் ஈர்த்தது. மனநல மருத்துவர் ஒருவரிடம் செல்கிறாள். முதியவரான அவர், கணவனைத் திருத்தும் வழி எதனையும் கூறவில்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறிவிடு என்கிறார். குருதி தோய்ந்த பணம் என்று சொல்லித் தம் கட்டணத்தையும் வாங்க மறுக்கிறார். இனி, தனக்கு யாரும் சொல்லவில்லை என்று அவள் கூற முடியாது என்கிறார்.

வீடு திரும்பிய கார்மேலா என்ன செய்தாள்? மகள் பயிலும் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்கு 50,000 டாலர் நன்கொடை தரவேண்டுமெனக் கணவனிடம் கேட்டுப் பெற்றாள்! முன்பு அவன் ஐயாயிரத்திற்குமேல் தர விரும்பாதிருந்தான். மருத்துவர் தொட மறுத்த பணம் கல்விக்கூடத்தின் வாயிலில் நன்கொடையாகிவிட்டது. கல்லூரி மலரில் எழுதும் நமக்கு இக்காட்சியைக் கடந்து செல்வது எளிதாக இல்லை. நன்கொடை பெறும் நிறுவனங்கள் பல தருபவரின் தொழிலை விசாரிப்பதில்லை. கல்வெட்டில் பெயர் பொறிப்பதோடு சரி.

பின்னர் 2002இல் அவள் கணவனைப் பிரிந்தாள். காரணம் அவன் செய்த கொலைகள் அல்ல; பிற பெண்கள். 2004இல் மீண்டும் சேர்ந்தாள். வீடு கட்டி விற்பதற்கு நிலம் வாங்க ஆறு லட்சம் டாலர் தருவதாக அவன் ஒப்பியபின். இத்தனைக்கும் கார்மேலாவைப் 'பாவம்' என்போரே நம் மாணவரிடையே மிகுதி. நல்ல இல்லத்தரசியாம்.

நம் வாயிலுக்கு அருகிலுள்ள பாத்திரம் ஒன்றும் உண்டு. 2018இல் வெளிவந்த வெற்றிமாறனின் 'வட சென்னை' படத்துச் சந்திரா. திரைப்படமேயாயினும் நம் பிள்ளைகள் பலமுறை கண்டது தொலைக்காட்சியில்தான். தன் கணவன் ராஜனைக் கொன்றோருள் ஒருவனையே மணந்து, அவன் வீட்டில் வாழ்ந்தபடி, கொலையாளிகள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்ளக் காய் நகர்த்துகிறாள். அவள் விரித்த வலையில் அன்பு போன்ற இளைஞரின் வாழ்வும் சிக்குகிறது. ஆண்ட்ரியா ஜெரெமையா அப்பாத்திரத்தை ஏற்றுச் சிறப்புற நடித்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் சந்திராவின் வஞ்சம் நம் மாணவரிடம் கைதட்டல் பெறுகிறது. 'கண்ணகி மாதிரி சார்' என்று ஒருவர் கூறவும் கேட்டோம். கண்ணகி எவரையும் பகடைக்காய் ஆக்கவில்லை என்று மட்டும் மறுமொழி தந்தோம்.

மூன்று பாத்திரங்களையும் அருகருகே வைத்தால் தீர்ப்பின் அளவுகோல் புலப்பட்டுவிடும். கணவனைத் தடுத்தவள் தீயவள்; கணவனுக்குச் சோறிட்டவள் பாவம்; கணவனுக்காகப் பழிவாங்கியவள் வீரத்தாய். அளவுகோல் அறம் அன்று, கணவன். அதுவும் கதைத் தலைவனாகிய கணவன். கதை யார் தோளில் அமர்ந்து செல்கிறதோ அவருக்கு இடையூறு செய்பவரைப் பார்வையாளர் பகைக்கிறார். காய்ச்சும் தொழில் நின்றுவிட்டால் தொடரும் நின்றுவிடுமன்றோ? குற்றத்தை நுகர வந்தவருக்குக் குற்றத்தை நிறுத்தச் சொல்பவள் எங்ஙனம் இனிப்பாள்?

பழந்தமிழ் இவ்வகையில் கூர்மையானது என்பது நம் கருத்து. குண்டலகேசி முழுமையாகக் கிடைக்காவிடினும் கதையை நீலகேசி உரை காத்துத் தந்துள்ளது. வணிகர் மகள் பத்திரை, கொலைக்களம் நோக்கிச் செல்லும் கள்வன் காளனைக் கண்டு காதலிக்கிறாள். தந்தை பொருள் கொடுத்து மீட்டு மணமுடித்து வைக்கிறார். ஒருநாள் ஊடலில், நீ கள்வன் அல்லவா என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்துவிடுகிறது. அந்த ஒரு சொல்லுக்காக அவன் அவளை மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். அங்கே வீழ்ந்தவன் அவன். அவளோ துறவு பூண்டாள். உண்மையைப் பெயர் சொல்லி அழைத்தால் கள்வனின் வீடு தாங்காது என்பதை அப்புலவர் அறிந்திருந்தார். ஸ்கைலர் கேட்டதும் ஏறத்தாழ அச்சொல்தான்.

வான்மீகி முனிவரைப் பற்றி வழங்கும் கதை இன்னும் ஆழமானது. வழிப்பறி செய்து குடும்பம் நடத்தியவர், தம் பாவத்தில் பங்கேற்பீர்களா என்று மனைவி மக்களைக் கேட்டார். எங்களுக்குச் சோறிடுவது உம் கடமை. பாவம் உம்முடையது என்றனர். இதனைக் கேட்டு நாம் பெரும்பாலும் வான்மீகிக்காக இரங்குகிறோம். அம்மனைவியை எவரும் விசாரித்ததில்லை. அவள் விடையில் ஒரு நேர்மையும் உண்டு, ஒரு தந்திரமும் உண்டு. உணவு பொது, பழி தனி என்று பிரித்துவிட்டாள்.

சட்டமும் இப்பிரிவினையோடு மோதியுள்ளது. பொது ஊழியர் வருவாய்க்கு மீறிச் சேர்த்த சொத்துக் குறித்துத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற மேல்முறையீட்டில், 1999இல் உச்ச நீதிமன்றம் ஒரு தெளிவைத் தந்தது. பதவியில் இல்லாத உறவினரும், கையூட்டு வாங்கத் தூண்டினாலோ, அப்பொருளைத் தம் பெயரில் வைத்துக்கொள்ள உடன்பட்டாலோ, உடந்தைக் குற்றத்திற்கு அவரோடு சேர்ந்தே விசாரிக்கப்படலாம் என்பதாம். தூண்டியவரையும் பெயர் கொடுத்தவரையும் சட்டம் தொடும். அறிந்தே அமர்ந்து உண்டவரை அது தொடாது. அந்த இடம் மனச்சான்றுக்கு விடப்பட்டது.

திருக்குர்ஆனின் 66ஆம் அத்தியாயம் இங்கு நினைவுக்கு வருகிறது. நூஹ் நபி, லூத் நபி ஆகியோரின் மனைவியர் நல்லார் இல்லத்தில் வாழ்ந்தும் தவறினர். கணவரின் நன்மை அவர்களைக் காக்கவில்லை. ஃபிர்அவ்னின் மனைவியோ கொடுங்கோலனின் அரண்மனையில் இருந்தபடியே, சுவனத்தில் தமக்கொரு வீட்டை இறைவனிடம் வேண்டினார். கணவனை வைத்து மனைவியை அளப்பதற்கு அங்கே இடமில்லை. ஆசியா அம்மையாரை ஸ்கைலரோடு ஒப்பிடுவதா என்று பெரியோர் சினவற்க. ஒப்பிடவில்லை, அளவுகோலைக் காட்டுகிறோம்.

இமாம் கஸ்ஸாலி தம் 'இஹ்யா'வில் முன்னோர் வீட்டு வழக்கமொன்றைப் பதிவு செய்துள்ளார். காலையில் தொழிலுக்குப் புறப்படும் ஆண்மகனிடம், விலக்கப்பட்ட வருவாயைக் கொண்டுவந்துவிடாதீர். பசியைத் தாங்குவோம், நரக நெருப்பைத் தாங்கமாட்டோம் என்று மனைவியோ மகளோ சொல்லியனுப்புவராம். இன்றைய தொலைக்காட்சி நேயர் அப்பெண்ணை என்னென்று அழைப்பர்? 'நச்சரிப்பவள்' என்றே அழைப்பர்.

நம் வட்டாரம் பணம் புழங்கும் வட்டாரம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை, செங்குன்றத்து அரிசி ஆலைகள், நெடுஞ்சாலையோரக் கிடங்குகள், நாளுக்கு நாள் ஏறும் மனை விலை. பெரும்பாலோர் வியர்வை சிந்தியே உண்கின்றனர் என்பதை அறிவோம். ஆயினும் சீட்டில் எழுதிய அளவுக்கு மேல் லாரியில் ஏறும் மணலும், கழிவு என்ற பெயரில் வெளியேறும் நல்ல இரும்பும், இருவருக்கு விற்கப்படும் ஒரே மனையும் எவ்வூரிலும் இல்லாதன அல்ல. அப்பொருள் ஒருநாள் ஒரு வீட்டில் நகையாகவோ மேல்மாடியாகவோ வந்து இறங்கத்தானே வேண்டும்? இறைச்சிக் கடையில் நின்று ஹலாலா என்று இருமுறை கேட்கும் நாம், அந்த இறைச்சியை வாங்கிய பணத்தைப் பற்றிக் கேட்பதில்லை. மாப்பிள்ளை விசாரிக்கச் செல்லும் பெரியோரும் 'மாதம் எவ்வளவு' என்று கேட்கின்றனர். 'எப்படி' என்று கேட்போர் சிலரே. அவ்வாறிருக்க, மணமாகிப் போன பெண் மட்டும் கேட்க வேண்டுமென எதிர்பார்ப்பது முறையாகாது.

இதனை வகுப்பில் கூறியபோது மாணவி ஒருவர் எழுந்து, 'கேட்டுவிட்டு அவள் எங்கே போவாள், சார்?' என்றார். ஸ்கைலரும் அங்கேதான் மாட்டிக்கொண்டாள். காவல்துறைக்குப் போனால் பிள்ளைகள் சிதைவர். வெளியேறக் கையில் வழியில்லை. கணவனின் புற்றுநோய் திரும்பி வருவதற்காகக் காத்திருப்பதொன்றே மிச்சம் என்று அவனிடமே அவள் கூறும் காட்சி 2012இல் வந்தது. தனக்கென்று பொருளில்லாதவளின் கேள்வி வீட்டுச் சுவரைத் தாண்டுவதில்லை. மஹரும் தன் உழைப்பின் ஊதியமும் பெண்ணின் தனிச்சொத்து. கணவனுக்கு அதில் உரிமையில்லை என்பது நம் மார்க்கச் சட்டம். கதீஜா நாயகியார் தம் பொருளைக் கொண்டு தாமே வணிகம் நடத்தியவர். ஏட்டளவில் வழி திறந்தே இருக்கிறது.

அன்று வகுப்பிலிருந்த மாணவியரிடம், தம் தாயாருக்கு எழுதப்பட்ட மஹர் எவ்வளவு என்று வினவினோம். ஓரிருவருக்கே தெரிந்திருந்தது. அது அம்மாவின் கைக்கு வந்து சேர்ந்ததா என்பதை வீட்டில் கேட்டு வருவதாகச் சொல்லிச் சென்றனர்.