பழி அடுப்பின் மேல் இல்லை

ஆய்ஸ்டர் சாஸில் புரட்டிய கான்டனீஸ் மாட்டிறைச்சி வீட்டில் செய்தால் ரப்பராகிவிடுகிறது என்பவர்கள் அடுப்பின் மேல் பழி போடுகிறார்கள். அடுப்பைவிடக் கத்திக்கும் ஊறவைப்பதற்கும்தான் இதில் பங்கு அதிகம். நார் ஓடும் திசைக்குக் குறுக்காக மெல்லியதாக நறுக்கினால் நீண்ட நார்கள் அறுபட்டு, பல்லுக்கு வேலை குறைகிறது. சோயா சாஸும் சோள மாவும் சிறிது தண்ணீரும் சேர்த்துப் பிசறி வைத்தால், மாவு உறையாகிக் கறியின் சாற்றைக் காக்கிறது. பின்னால் ஊற்றும் சாஸும் அதில்தான் பிடிக்கிறது. முரட்டுக் கறியென்றால் 400 கிராமுக்குக் கால் தேக்கரண்டி ஆப்பச் சோடா போதும். அதன் காரத்தன்மையால், புரதங்கள் சூட்டில் இறுகிப் பின்னிக்கொள்வது குறைகிறது. சோடா சுவையைக் கெடுக்கும் என்பது அளவு மீறும்போது மட்டுமே உண்மை.

உணவகப் பெருந்தீ தரும், சீனர்கள் ‘வோக் ஹெய்’ என்று போற்றும் மணம் வீட்டில் முழுமையாக வராது, மறுப்பதற்கில்லை. உலர வறுக்கும் அரிசி நூடுல்ஸுக்கு அதுதான் உயிர். சாஸில் புரளும் இந்தக் கறிக்கு அந்த இழப்பு பெரிதல்ல. வீட்டில் நடக்கும் பெருந்தவறு, மொத்தக் கறியையும் ஒரேயடியாகக் கொட்டுவது: வாணலியின் சூடு இறங்கி, கறி தன் நீரிலேயே வெந்துவிடுகிறது. இரண்டு மூன்று ஈடாக வதக்கி எடுத்துவைத்து, கடைசியில் சாஸோடு அரை நிமிடம் புரட்டினால் போதும்.