பேய் பிடித்த பிள்ளைகள்

எலவனாசூர்கோட்டையில் பள்ளிப் பிள்ளை யொன்று உண்ணாமல், உறங்காமல் மூலையில் முடங்கினால் உடனே தாயத்து! தோழர்களே, உடலுக்கு நோயென்றால் மனதுக்கு மாத்திரம் பேயா? இரண்டு வாரமாக மனம் சோர்ந்ததா, தூக்கம் கெட்டதா என்பது போன்ற ஒன்பதே கேள்விகளில் நோயின் சாயல் தெரிந்து விடும். மேற்கொண்டு நிச்சயிப்பது வைத்தியர் வேலை. அமெரிக்க நிபுணர் குழு 2009-லேயே 12 முதல் 18 வயதினரை, வைத்திய வசதியுள்ள இடங்களில், இப்படிச் சோதிக்கச் சொல்லிற்று.

சாக நினைத்தாயா என்று கேட்டால் இல்லாத எண்ணம் புகுந்துவிடுமாம்! ஆராய்ச்சிகள் அப்படிச் சொல்லவில்லை. வேப்பிலையால் அடித்து, "எந்த மரத்துப் பேய் நீ?" என்று பூசாரி கேட்கையில் மாத்திரம் இல்லாத பேய் புகாதோ?

கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. பள்ளிதோறும் கேள்வி கேட்டு, வேண்டியவர்களை அங்கே அனுப்பும் ஏற்பாட்டையே நாம் கேட்கின்றோம். அவசரத்துக்கு 14416-இல் எந்நேரமும் பேசலாம், தட்சணை கிடையாது.