புறக்கடைக் கோழி

ஆரணி என்றதும் பட்டும் அரிசியும் நினைவிற்கு வரும். கமண்டல நாகநதிக் கரையிலுள்ள அவ்வூரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் தறியும் வயலும் காத்து வருகின்றன. பாவு வராமல் தறி நின்றுபோகும் நாள்களும் உண்டு. அந்நாள்களில், புறக்கடையில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கும் இல்லத்தரசிக்கு அவற்றின் முட்டையே கைப்பணம். சிறு தொகைதான், ஆயினும் அது எவரிடமும் கேட்டுப் பெறாத தொகை.

அச்சிறு செல்வத்தை ஓரிரு நாளில் அழிக்க வல்லது கோழிக்கழிச்சல் நோய். மாலையில் நன்றாய் இரை பொறுக்கிய கோழி, காலையில் சிறகைத் தொங்கவிட்டு, வாய்திறந்து மூச்சு வாங்கி நிற்கும். பச்சையும் வெண்மையுமாய்க் கழியும். சில கோழிகளின் கழுத்து முறுக்கிக்கொள்ளும். வைரஸ் எனப்படும் நச்சுயிரியால் வருவது இந்நோய். வந்தபின் தீர்க்க மருந்தில்லை. 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரருகே தோன்றியதால் மேலைநாட்டார் அதனை நியூகாசில் நோய் என்பர். இந்தியாவில் இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கெட் என்னும் ஊரின் பெயரால் வழங்குகிறது. அவ்வூர் வேறு, ஆரணிக்கு அண்மையிலுள்ள இராணிப்பேட்டை வேறு. முன்னது நோய்க்குப் பெயர் தந்தது. பின்னதிலோ, கால்நடைகளுக்குத் தடுப்பு மருந்து செய்யும் அரசு நிலையம் 1932 முதல் இயங்கி வருகிறது.

குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரத்தில் இறக்கையின் கீழ் ஓர் ஊசி. இவ்வளவே தேவை. ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களில் அரசே முகாம் நடத்தி ஊசி போடுகிறது. அப்படியிருந்தும் கோழிகள் கூட்டங்கூட்டமாய் மடிவதேன்? நாலு கோழிக்கு ஊசி எதற்கு என்னும் அலட்சியம் ஒரு காரணம். அதனினும் கொடியது வேறொன்று. நோய் கண்டதும், சாகுமுன் வந்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிடுகின்றனர் சிலர். வறுமை அவர்களை அவ்வாறு செய்விக்கிறது என்பது மெய்யே. ஆனால், அக்கோழியை வாங்கிச் செல்பவளும் ஓர் ஏழைதான். அவள் கூடையில் கோழியோடு நோயும் அடுத்த ஊருக்குப் போகிறது.

பறவைக் காய்ச்சலில் இத்தவறு இன்னும் பெரிதாகும். 1997-இல் ஹாங்காங்கில் அந்நோய் மனிதரையும் பற்றியது. 18 பேரில் 6 பேர் மாண்டனர். இந்தியாவில் அது முதலில் 2006 பிப்ரவரியில் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் காணப்பட்டது. 2014-இல் கேரளத்து ஆலப்புழைப் பகுதியில் வாத்துகள் மடிந்தன. வாத்து சில வேளைகளில் நோய்க்குறி ஏதுமின்றியே நச்சுயிரியைச் சுமந்து திரியும். அறுவடை முடிந்த நெல்வயல்களில் சிந்திய மணிகளை மேய, ஊர்விட்டு ஊர் ஓட்டிவரப்படும் வாத்துக் கூட்டங்களைத் தமிழகத்தின் வடமாவட்டங்களில் எவரும் கண்டிருப்பர். அவை நீந்தும் குட்டையிலேயே ஊர்க்கோழியும் நீர் அருந்துகிறது.

பறவைக் காய்ச்சல் உறுதியானால், சுற்றிலும் 1 கிலோமீட்டர் வரை உள்ள பறவைகளை அரசினர் கொன்று புதைப்பர். இதற்கு அஞ்சியே பலர் செய்தியை மறைக்கின்றனர். அவ்வச்சம் கணக்கறியாத அச்சம். கொல்லப்படும் பறவைக்கு இழப்பீடு உண்டு. தானே செத்த பறவைக்கு இல்லை. மறைக்கும் ஒவ்வொரு நாளும் இழப்பீடு பெறக்கூடிய பறவைகள் குறைகின்றன. அடுத்த தெருவின் கோழிகளும் சாகத் தொடங்குகின்றன. முதற்கோழி விழுந்த அன்றே கால்நடை மருந்தகத்தில் சொல்லுதல் வேண்டும். வாத்துக் கூட்டத்தைப் பொறுத்தமட்டில், அது வயலில் இறங்கும் நாளிலேயே மருத்துவர் பார்வையிடுதல் நன்று. மறுவாரம் அக்கூட்டம் வேறோர் ஊரில் மேய்ந்துகொண்டிருக்கும்.