தீயணைக்கப் போனவருக்கு நாம் பட்ட கடன்



காட்டுத்தீயை அணைக்கப் போன ஒருவர் இறந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நமக்கு நன்றாகத் தெரியும். அவருடைய படத்தைப் போடுவோம். "வீரர்", "தியாகி" என்று எழுதுவோம். சந்தியில் பதாகை கட்டுவோம். ஒரு பக்கம் கண்ணீர் அஞ்சலி, மறுபக்கம் ஜனாஸா அறிவித்தல், கீழே நூறு கருத்துகள். ஒரு மாதம் போனால் பதாகையை மழை கிழித்துவிடும். அடுத்த வரட்சிக்கு இன்னொருவர் அதே செருப்போடு, அதே பச்சைக் கொப்போடு மலை ஏறுவார்.

இதற்குப் பெயர் நினைவுகூர்தல் என்றால், அந்த நினைவு எங்களுக்கு வேண்டாம்.

காட்டுத்தீயில் மாண்டவர்களைப் பற்றித் தேடித்தேடி வாசித்துவிட்டுத்தான் ஆசிரியர்களாகிய நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்கோ நடந்தவை என்று தள்ளிவிடாதீர்கள். மரத்தையும் சரிவையும் பார்த்தால் நம்முடைய மலை போலவே இருக்கும்.

2020 பெப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில், தேசமங்கலத்துக்குப் பக்கத்தில் கொட்டம்பத்தூர். காகித ஆலைக்காக வளர்த்த அக்கேசியா தோப்பில் தீ. வனக் காவலர்கள் அணைக்கப் போனார்கள். அடங்கிவிட்டது என்று நினைத்த தீயைக் காற்று திருப்பிவிட்டது. அது அவர்களைச் சுற்றி வளைத்தது. 3 பேர் போனார்கள். அதில் நிரந்தர வேலைக்காரரும் உண்டு, தற்காலிக வேலைக்காரரும் உண்டு. தீ அந்த வித்தியாசம் பார்க்கவில்லை.

2024 ஜூன் 13. இமயமலை அடிவாரத்து உத்தராகண்ட், அல்மோரா மாவட்டம், பின்சர் சரணாலயம். பைன் காடுகள் உள்ள மலை. 8 பேர் ஒரே வாகனத்தில் தீயணைக்கப் போனார்கள். 4 பேர் அங்கேயே இறந்தார்கள். மற்ற 4 பேரைத் தீக்காயங்களோடு தூக்கி வந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் நாட்கூலிக்குப் போனவர்.

பணக்கார நாட்டில் இப்படி நடக்காது என்று சொல்லவும் முடியாது. 2013 ஜூன் 30, அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், யார்னெல் மலை. கிரனைட் மவுண்டன் என்ற 20 பேர் கொண்ட பயிற்சி பெற்ற அணி. அன்று ஒரே நேரத்தில் 19 பேர் மாண்டார்கள். தூரத்தில் காவல் பார்க்க நின்றவர் மட்டும் தப்பினார். அஞ்சலிக் கூட்டத்துக்கு அந்த நாட்டின் உப ஜனாதிபதியே வந்தார். ஆனால் அந்த 19 பேரில் 13 பேர் பருவகால ஊழியர்கள். நிரந்தர ஊழியர் 6 பேரின் குடும்பங்களுக்குக் கிடைத்த சலுகை அந்த 13 குடும்பங்களுக்கு முதலில் கிடைக்கவில்லை. மேடையில் 19 பேரும் வீரர்கள். காசு கொடுக்கும் மேசைக்கு வந்தபோது ஒருவர் நிரந்தரம், மற்றவர் தற்காலிகம். விதவைகள் அதற்காக வழக்குப் பேச வேண்டியிருந்தது.

"வீரர்" என்ற சொல்லில் எங்களுக்குச் சந்தேகம் வருவது இதனால்தான். அந்தச் சொல்லைச் சொல்வதற்கு ஒரு சதமும் செலவாகாது.

ஆனால் அந்த நாட்டிலிருந்து படிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. 1949 ஓகஸ்ட் 5, மொன்டானா மாநிலம், மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கு. காய்ந்த புல் நிறைந்த செங்குத்தான சரிவில் தீ கீழிருந்து மேலே ஓடி வந்தது. அதற்கு முன்னால் ஓடிய 13 பேர் இறந்தார்கள். அவர்களுடைய வனத்துறை அஞ்சலியோடு நின்றுவிடவில்லை. இப்படிப்பட்ட சாவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1957இல் பத்துக் கட்டளைகளை எழுதியது. 1991இல் போல் கிளீசன் என்ற அனுபவமுள்ள தீயணைப்பாளர் அவற்றின் சாரத்தை நான்கு விடயங்களாகச் சுருக்கினார். தீயைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு காவலாள். எல்லோருக்கும் செய்தி போகும் தொடர்பு. தப்பி ஓட முன்கூட்டியே பார்த்து வைத்த வழி. ஓடிப்போய் நிற்க எரிய முடியாத ஓர் இடம். இந்த நான்கும் இல்லாமல் தீயிடம் போகாதே என்பதுதான் பாடம். மாண்டவர்களின் சகாக்கள் அந்தச் சரிவுக்கே போய், யார் எங்கே விழுந்தார், ஏன் விழுந்தார் என்று நடந்து பார்த்துப் படிக்கிறார்கள். சகாக்கள் நினைவுகூர்வது என்றால் அதுதான்.

இப்போது நம்முடைய மலைக்கு வருவோம்.

ஜனவரி பிறந்து மார்கழிப் பனி விலகினால் மானாப்புல் காய்ந்து வைக்கோலாகிவிடும். பைனஸ் காட்டுக்குள் போனால் ஊசியிலை கணுக்கால் வரை கிடக்கும். பிசின் உள்ள மரம் அது. டர்பன்டைன் காடும் அப்படித்தான், இலையிலேயே எண்ணெய். ஒரு தீக்குச்சி போதும். தீ பிடித்தால் யார் போகிறார்கள்? வனத்துறை ஆட்கள் கொஞ்சப்பேர். பொலிஸ், இராணுவம். தீயணைப்பு வண்டி பாதை முடியும் இடம் வரைக்கும். அதற்கு மேலே ஏறுவது லயத்துப் பொடியன்கள், தோட்டத்து ஆண்கள், அருகில் உள்ள கிராமத்து இளைஞர்கள். ஹெலிகொப்டர் வந்து தண்ணீர் ஊற்றும் காணொளியை எல்லோரும் பார்க்கிறோம். ஊற்றிவிட்டுப் போன பிறகு புகைந்துகொண்டிருக்கும் கட்டையைக் கிளறி அணைப்பவனை யாரும் படம் எடுப்பதில்லை.

அவனுக்கு நாம் என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? தீ மலையேறும்போது வேகம் கூடும் என்று சொல்லியிருக்கிறோமா? சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பாளர்களின் கணக்கு. அதனால் எரியும் தீக்கு மேலே போய் நிற்கக் கூடாது. எரிந்து ஆறிய கருநிலம்தான் பெரும்பாலும் பாதுகாப்பான இடம். நைலோன், பொலியெஸ்டர் உடுப்பு உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், பருத்தி அப்படி ஒட்டாது. படங்கைக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு போவது உயிரைப் பணயம் வைப்பது. இதெல்லாம் ஒரு பாடவேளையில் சொல்லி முடிக்கக்கூடிய விடயங்கள்.

தோட்டத்தில் நாள் வேலைக்குப் "பேர்" விழும். எங்கள் கேள்வி இதுதான்: தீயணைக்கப் போன நாளுக்குப் பேர் விழுமா? அரைப் பேரா? ஒன்றுமே இல்லையா? காயம்பட்டால் வைத்தியச் செலவு யாருடையது? துரைமாரும் தொழிற்சங்கத் தலைவர்மாரும் இதற்கு எழுத்தில் பதில் சொல்லட்டும். இறந்த பிறகு பதாகையில் பேர் போடுவதற்கு முன்னால், உயிரோடு இருக்கும்போது செக்ரோலில் பேர் போடுங்கள்.

அடுத்தது, நாம் பேசத் தயங்கும் விடயம். மலை தானாகப் பற்றுவதில்லை. நம் நாட்டில் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதன் வைப்பதுதான். புதுப்புல் முளைக்கட்டும் என்று மாடு வைத்திருப்பவர் வைக்கிறார். பன்றியையும் மானையும் விரட்டிப் பிடிக்க வேட்டைக்காரன் வைக்கிறான். மரக்கறித் தோட்டம் துப்புரவு செய்பவர் வைத்த தீ கைமீறுகிறது. சிகரட் துண்டு வீசிப் போகிறவர் இருக்கிறார். எரிவதைப் பார்க்க ஆசைப்பட்டு, வீடியோ எடுக்க வைக்கும் பொடியனும் இருக்கிறான். காட்டுக்குத் தீ வைப்பது 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டப்படி குற்றம். சட்டம் நூறு வயதைத் தாண்டிவிட்டது. வைத்தவன் யார் என்று ஊருக்குத் தெரியும், ஆனால் வாய் திறக்க மாட்டோம். நம்ம பிள்ளை, நம்ம வாடிக்கையாளர், நம்ம சொந்தக்காரர்.

மாடு வைத்திருப்பவர்கள் ஏழைகள்தானே என்று கேட்பீர்கள். உண்மை. அவர்களைத் திட்டிப் பயனில்லை. தோட்டத்தில் தரிசாகக் கிடக்கும் நிலத்தில் புல் வளர்க்க இடம் கேட்டு அவர்களோடு சேர்ந்து நாமும் நிற்க வேண்டும். ஆனால் ஒன்று. எரித்த மலையில் இரண்டு வாரத்தில் பச்சை தெரியும். அடுத்த பெருமழையில் மேல்மண் ஆற்றோடு போகும். காசல்ரீக்கும் மவுஸ்ஸாகலைக்கும் போய்ச் சேருவது அந்த மண்தான். பிறகு பீலியில் தண்ணீர் நூலாக வரும்போது லயத்துப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். மாட்டுக்கும் தண்ணீர் இருக்காது.

நம் முஸ்லிம் சமூகத்தில் ஒரு வழக்கம் உண்டு, மற்றச் சகோதரர்களும் பார்த்திருப்பீர்கள். ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் குடும்பத்தில் ஒருவர் எழுந்து, "மையித்து யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் எங்களிடம் வாருங்கள்" என்று சொல்வார். கடனோடு யாரையும் அடக்கம் செய்ய நமக்கு மனம் வராது. தீயணைக்கப் போய் இறந்தவரின் விடயத்தில் கணக்கு தலைகீழ். கடன்காரர் அவரல்ல, நாம். அந்தக் கடனை ஏற்றுக்கொண்டு எழுந்து நிற்கப் போவது யார்?

அவர் இறந்த பிறகு அல்ல, இப்போதே எழுந்து நிற்போம். எங்கள் கோரிக்கைகள் இவை:

1. வரட்சி தொடங்கும் முன் ஒவ்வொரு தோட்டத்திலும் தீயணைக்கப் போகிறவர்களின் பெயர்ப்பட்டியல் வேண்டும். அவர்களுக்குப் பயிற்சி, சப்பாத்து, கையுறை, பருத்தி உடுப்பு, முழுப் பேர் வேண்டும். பட்டியலில் இல்லாதவரை, முக்கியமாகப் பாடசாலைப் பிள்ளைகளை, மலைக்கு அனுப்பக் கூடாது.

2. காவலாள், தொடர்பு, தப்பும் வழி, தஞ்ச இடம். இந்த நான்கையும் ஜனவரி மாதக் காலைக் கூட்டத்தில் பாடசாலைகளில் சொல்வோம். அது எங்கள் பொறுப்பு.

3. புகையைக் கண்டவுடன் முகநூலில் போடுவதற்கு முன் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். பொலிஸுக்கு 119.

4. பள்ளிவாசல், கோவில், விகாரை, தேவாலயம் நான்கிலும் ஒலிபெருக்கி இருக்கிறது. தீ வைப்பது பாவம் என்றும் குற்றம் என்றும் வரட்சி முடியும் வரை வாரத்துக்கு ஒருமுறை சொல்லட்டும்.

5. வைத்தவனைத் தெரிந்தால் சொல்லுங்கள். மூடி மறைப்பது அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தீக்குள் அனுப்புவது.

இதையெல்லாம் செய்துவிட்டு, அதற்குப் பிறகும் ஒருவரை இழக்க நேர்ந்தால், அன்றைக்குப் பதாகை கட்டுவோம். அந்தப் பதாகையை நிமிர்ந்து பார்க்க அவருடைய பிள்ளைகளுக்கு முன்னால் நமக்கு முகம் இருக்கும்.

நம் மலைகளையும் அதில் ஏறுகிறவர்களையும் இறைவன் காப்பானாக. வாசித்தவர்கள் உங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். தலைவர்மாருக்கும் அனுப்புங்கள்.